கீல் இல்லாத இறக்கை

கொச்சிக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கரிமீன் வறுவலைப் பற்றியும் படகு வீட்டைப் பற்றியும் பேசினார்கள். நான் போனது ஓர் இறக்கையைப் பார்க்க. ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானங்களை முதன்முதலாகப் பறக்கவிடுவதற்கு முன் சோதித்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் தொழில். சென்னையில் இருக்கிறேன். சரியில்லை என்று சொல்வதில் எனக்குத் தனித் திறமை உண்டு என்று என் கணவர் சொல்வார்.

மே மாதக் கடைசி. மழை தொடங்க அதிக நாள் இல்லை. ஆலுவாவில் ரயிலை விட்டு இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சென்னையில் வியர்வை வழிந்தாவது போகும். இங்கே அது வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. பேருந்தில் எர்ணாகுளம் வந்து, அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் போனேன். பக்கத்தில் இருந்த பெண் மடியில் ஒரு பலாப்பழத்தைக் குழந்தையைப் போல வைத்திருந்தார். படகு ஆடும்போதெல்லாம் அதைத் தட்டிக் கொடுத்தார்.

ஆட்டோக்காரரிடம் "சுக்குக் கிடங்குக்கு மேல்மாடி" என்று சொன்னேன். எனக்குச் சொல்லப்பட்ட முகவரி அவ்வளவுதான். அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "இந்தத் தெருவில் பாதி சுக்குக் கிடங்கு, மீதி மிளகுக் கிடங்கு. எந்தச் சுக்கு?" விமானம் செய்கிறார்களே, அந்தச் சுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது கிடங்கின் வாசலில் ஓர் உயரமான மனிதர் வலது கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"வரணும் மேடம், வரணும். முதல்ல ஒரு சாயா. சிறகு எங்கேயும் பறந்து போயிடாது."

இவர் பாலு. ஐம்பதைத் தாண்டியவர். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொப்பரை வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டாராம். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் தமிழ் எழுத்துகளைக் கூட்டித்தான் படிக்க முடியும், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. கப்பல் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்தார். சிறுவயதிலிருந்தே பொம்மை விமானம் பறக்கவிடுவதில் பித்து. அந்தப் பித்தை நம்பி வேலையை விட்டவர். அவருடைய கூட்டாளி ஷெரின், முப்பது வயதைத் தொட்டவள், இறக்கையை வடிவமைத்தவள். வந்த சிறிது நேரத்திலேயே என்னைச் சேச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதால் அவள் என்றே எழுதுகிறேன். அவள் பேசியது மலையாளம். எனக்குப் புரிந்தபடி தமிழில் தருகிறேன்.

கீழே சுக்கு மூட்டைகள். மேலே, மரப் படிகள் முடியும் இடத்தில், இரண்டு தாங்கிகளின் மேல் அந்த இறக்கை கிடந்தது. நான் முதலில் தும்மினேன், பிறகுதான் பார்த்தேன்.

விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கவனித்திருப்பார்கள். தரையிறங்கும் நேரத்தில் இறக்கையின் பின்பக்கத்திலிருந்து பலகைகள் கீழே இறங்கும். மெதுவாகப் பறக்க இறக்கைக்கு வளைவு அதிகம் வேண்டும், வேகமாகப் பறக்கத் தட்டையாக இருக்க வேண்டும். ஒரே வடிவம் இரண்டுக்கும் சரிப்படாது என்பதால் பலகைகளைக் கதவைப் போலக் கீல் வைத்துப் பொருத்தினார்கள். கீல் என்றால் இடுக்கு இருக்கும். இடுக்கில் காற்று குழம்பும், இரைச்சல் வரும், எரிபொருள் வீணாகும். ஷெரினின் இறக்கையில் கீலே இல்லை. உள்ளே வளையக்கூடிய மெல்லிய விலா எலும்புகள், அவற்றை இழுக்கச் சின்னச் சின்ன மோட்டார்கள், மேலே ரப்பர் போல நீளும் தோல். அவள் மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டியதும் பின்விளிம்பு முழுவதும் ஒரே வீச்சில் கீழே வளைந்தது. நீரில் மீன் வாலைத் திருப்புவது போல இருந்தது. மடிப்போ இடுக்கோ எங்கும் இல்லை.

"திடீர்க் காற்று அடித்தால் நுனி தானாகவே கொஞ்சம் முறுக்கிக்கொண்டு அந்த அடியை நழுவவிடும்," என்றாள். "காற்று மோசமான நாளில்தானே மீன்பிடி வள்ளங்கள் காணாமல் போகின்றன? அப்படிப்பட்ட நாளில் கடல்மேல் நெடுநேரம் சுற்றித் தேட வேண்டும். அதற்குத்தான் இது."

அழகாகத்தான் இருந்தது. ஆனால் வளைகிற பொருள் எதுவும் ஒருநாள் வளைந்தபடியே நின்றுவிடும் என்பது என் அனுபவம். அதை அப்போது சொல்லவில்லை. முதல் நாளே சொல்வது நாகரிகமல்ல.

சாயங்காலம் சுள்ளிக்கல்லில் பாலுவின் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி லதா பாலக்காட்டுக்காரர், நர்சரிப் பள்ளி ஆசிரியை. கப்பையை வேகவைத்துத் தேங்காய் போட்டு மசித்திருந்தார், பக்கத்தில் குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. நம் ஊரில் மரவள்ளிக் கிழங்கு என்றால் மாலைநேரத் தீனி. இங்கே அது சோற்றுக்குச் சமமாகத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. "அக்கா, காரம் கூடுதலா?" என்று லதா இரண்டு முறை கேட்டார். கண்ணில் நீர் வர, இல்லை என்று இரண்டு முறையும் பொய் சொன்னேன். எனக்குத் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தவர், பாலுவுக்குப் பாதித் தம்ளர்தான் ஊற்றினார். தீர்ந்ததும் மறுபடி பாதி. வீட்டுக்கு வீடு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இறக்கைமேல் பாரம் ஏற்றிப் பார்த்தோம். வழக்கமாக மணல் பைகளை வைப்பார்கள். மட்டாஞ்சேரியில் மணலைவிட அரிசி எளிதாகக் கிடைக்கிறது. பக்கத்து மொத்தக் கடையிலிருந்து அரிசிப் பொட்டலங்களைக் கொண்டுவந்து இறக்கை முழுக்க அடுக்கினோம். வானில் படக்கூடிய அளவுக்குமேல் பாரம் ஏறியும் அது வளைந்து தாங்கியது, எடுத்ததும் பழைய நிலைக்கு வந்தது. பாரம் மேலே இருந்தபோதே ஷெரின் மடிக்கணினியிலிருந்து கட்டளை கொடுத்துப் பின்விளிம்பை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் மறுபக்கமும் அதே வடிவத்துக்கு வந்து நிற்குமா என்று கேட்டேன். ஒரு மோட்டாரின் கம்பியைப் பிடுங்கிக் காட்டினாள். நின்றது. குறை சொல்ல எதுவும் கிடைக்காத காலைப்பொழுதுகள் என் தொழிலில் அபூர்வம். அரிசி கடைக்குத் திரும்பிப் போயிற்று.

பக்கத்திலேயே கடற்படை விமானத்தளம் இருப்பதால் மட்டாஞ்சேரியில் எதையும் பறக்கவிட முடியாது. தெற்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவில், இறால் வளர்க்கும் வயல்வெளியில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த அனுமதியின் கதை தனிக் கட்டுரைக்கு ஆகும், விடுகிறேன். இறக்கை மரப் படியில் திரும்பவில்லை. சன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே நின்ற சுமை தூக்கும் தொழிலாளிகளில் மூத்தவர் அண்ணாந்து பார்த்து, "இது என்ன, வள்ளமா?" என்று கேட்டார். விமானத்தின் சிறகு என்றார் பாலு. "அப்படியானால் அதுவே பறந்து இறங்கட்டுமே, எங்களை எதற்குக் கூப்பிட்டாய்?" என்றபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சரக்கு ஆட்டோவின் பின்னால் இறக்கை ஆள் உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்புத் துணி. தோப்பும்படி நாற்சந்தியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக நின்ற பேருந்துகள் ஹாரன் அடித்தன. பாலு இறங்கி, இறக்கை நுனியை வலது கையால் தாங்கிக்கொண்டு வெயிலில் நின்றார். ஓட்டுநர் எஞ்சினைக் கெஞ்சினார், பிறகு திட்டினார். திட்டியதும் கிளம்பியது. சென்னையாக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் இறங்கி ஆலோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஹாரனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வயல்வெளியை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோடையில் நீர் வடித்துக் காயவிட்ட ஒரு பாத்தியில் ஓடுபாதை. சுற்றிலும் நீர் நிற்கும் பாத்திகள், நடுநடுவே வரப்புகள். காற்று சுத்தமாக நின்றிருந்தது. நீரில் தென்னை மரங்களின் நிழல் கலையாமல் தலைகீழாகக் கிடந்தது. விமானத்தின் உடலில் இறக்கையைப் பூட்டி முடித்ததும் பாலு ரிமோட்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எஞ்சின் ஓடவில்லை. இறக்கையின் அசைவுகளை மட்டும் ஒரு தடவை சரிபார்க்கும் வேலை.

வலது பக்கம் வளைந்தது, நிமிர்ந்தது. இடது பக்கம் வளைந்தது, நிமிர்ந்தது. பிறகு அவர் இரண்டு கட்டைவிரலையும் ஸ்டிக்குகளின்மேல் சும்மா வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் இறக்கையின் பின்விளிம்பைப் பார்த்தேன். மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. கொதிக்கப் போகும் பாலின் ஏடு நடுங்குமே, அப்படி. ஒரே சீராக, நிற்காமல்.

"மோட்டாரில் ஏதோ கோளாறாக இருக்கும்," என்றாள் ஷெரின். குனிந்து ஒரு கம்பியை அசைத்துப் பார்த்தாள். அதிர்வு நிற்கவில்லை.

காற்று இல்லை. எஞ்சின் இல்லை. நான் இறக்கையின் பக்கத்தில் மண்டியிட்டு விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் துடித்தது. "பாலு சார், ஸ்டிக்கை விடுங்க" என்றேன். விட்டார். அடங்கிவிட்டது. "மறுபடி பிடிங்க." துடிப்பு திரும்பியது.

நான் நிமிர்ந்து அவர் கையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. கீல் வைத்த பழைய இறக்கையில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். சின்ன நடுக்கம் வந்தால் அந்தத் தளர்வே அதை விழுங்கிவிடும், பலகை அசையாது. இதில் தளர்வு என்பதே கிடையாது. கட்டைவிரல் என்ன செய்கிறதோ அதை அப்படியே இறக்கை செய்கிறது. பட்டறையில் எல்லா அசைவுகளையும் மடிக்கணினியிலிருந்து கொடுத்ததால் இது தெரியாமல் போயிற்று.

ஷெரின் இன்னும் கம்பிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். பாலு ரிமோட்டைக் கழற்றி வரப்பின்மேல் மெதுவாக வைத்தார்.

"மோட்டாரை நோண்டாதே ஷெரின்," என்றார் தமிழில். "அதுக்குக் கேடொண்ணுமில்லை. இது என் கையாக்கும்."

பிறகு இறால் பாத்தியின் கரையோரமாக நடந்து போய்விட்டார்.

வயலுக்கு எதிரே ஒரு சாயாக்கடை. நானும் ஷெரினும் பெஞ்சில் உட்கார்ந்தோம். நேந்திரம்பழத்தில் போடும் பஜ்ஜியான பழம்பொரி வந்தது. இருவரும் தொடவில்லை. பாலுவின் இடது கை எப்போதும் கால்சட்டைப் பையில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும், ஏன் என்று அவள் கேட்டதில்லை. "ஒரே ராத்திரியில் சரி செய்துவிடலாம்," என்றாள். ரிமோட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினியில் ஒரு வடிகட்டி எழுதுவாளாம். சீரான சிறு நடுக்கம் எதுவும் இறக்கைக்குப் போகாது.

"நடுக்கத்தை வடிகட்டினால் அவசரமான அசைவும் தாமதமாகப் போகும்," என்றேன். "தரைக்குப் பக்கத்தில் காற்று அடிக்கும்போது விமானத்தைக் கவிழ்க்க அந்தத் தாமதம் போதும்."

"கொஞ்சூண்டு தாமதம்."

"நீ காற்றுக்காகச் செய்த இறக்கை இது. அதில் தாமதத்தை நீயே வைப்பாயா?"

அவள் முகம் சிவந்தது. "சேச்சி இறக்கையைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? பாலுவேட்டனின் கையைப் பார்க்க யாரும் கூப்பிடவில்லை."

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், பார்க்காததுபோல் இருந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. இதே விமானத்தில் முன்பு இருந்த கீல் வைத்த பழைய இறக்கையை அவர் இத்தனை நாளும் ஒரு பிசகும் இல்லாமல் பறக்கவிட்டிருக்கிறார். இரண்டு நாளில் மழை வந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் வேலை நின்றுவிடும். நான் சரி என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

"கை நடுங்கினால் இறக்கை நடுங்குகிறது, ஷெரின். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவர் பறக்கவிட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்."

அவள் எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாலு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என் பங்குப் பழம்பொரியை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீ பறத்து," என்றார் அவளிடம்.

விமானிகளாக இருவரும் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் ஷெரின் பழைய இறக்கையைத்தான் இறக்கியிருக்கிறாள், அதுவும் காற்று அடங்கிய நாட்களில், பாலு பக்கத்தில் நிற்க.

"என்னால் முடியாது, பாலுவேட்டா."

"என்னாலயும் முடியாது. பக்ஷே உனக்குக் கை இருக்கு."

பக்ஷே என்றால் ஆனால். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது.

அன்று மாலையும் சுள்ளிக்கல்லில்தான் சாப்பாடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாலு உள்ளே பார்த்து, "லதா, உங்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். எனக்கு இடது கை..." என்று தொடங்கினார்.

"எனக்கு அறியும்," என்றார் லதா. கையில் சாதத் தட்டு. "ஒரு கொல்லமா அறியும். பாதித் தம்ளர் பின்னே எதுக்காக்கும் ஊத்தறேன்? நிறைய ஊத்தினா தளும்பாதா?"

"ஒரு வருஷமாவா? நீ ஏன் சொல்லல்லை?"

"நீங்க பாக்கெட்டுல ஒளிச்சு வச்சா, நான் போய் எடுக்கட்டா?"

பாலு மற்ற செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. சாப்பாடும் வர வேண்டிய பயணக் கட்டுரையில் இது ஒரு குறைதான். தட்டைக் கழுவும்போது லதா என்னிடம், எர்ணாகுளத்தில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் ஏற்கெனவே நேரம் வாங்கி வைத்திருப்பதாகவும், எப்படிக் கூட்டிப்போவது என்றுதான் தெரியாமல் இருந்தது என்றும் சொன்னார். லதா பயந்த நோயின் பெயரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, சாயாக்கடையில் புட்டும் கடலைக் கறியும். பக்கத்து மேசையில் இருந்த இறால் பண்ணைக்காரர், விமானத்தின் சத்தத்தில் இறால் பயந்து தீவனம் எடுக்காமல் போகுமா என்று கவலையோடு விசாரித்தார். இறாலுக்குக் காது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அந்த அளவில் சமாதானமானோம்.

மேற்கே மேகம் கட்டியிருந்தது. கடற்காற்று விட்டுவிட்டு அடித்தது. நான் வகுத்த வேக வரம்புக்குள்தான் இருந்தது, ஆனால் சீராக இல்லை. ஷெரின் பாதையோரம் ரிமோட்டோடு நின்றாள். பாலு அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் நின்றார். இடது கையை வலது அக்குளில் இடுக்கியிருந்தார். நான் சற்றுத் தள்ளிக் காற்றுமானியோடு.

ஓடியது, எழுந்தது. மேலே போனதும் பின்விளிம்பு மெல்லத் தட்டையாயிற்று, வேகம் கூடியது. கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. எதுவும் திறக்கவில்லை, மூடவில்லை. கொக்கு ஒன்று வரப்பிலிருந்து எழுந்து சிறிது தூரம் கூடவே பறந்துவிட்டு ஆர்வம் இழந்து இறங்கியது. ஷெரின் வட்டமடிக்க வைத்தாள், பிறகு வேகத்தைக் குறைத்தாள். இறக்கை மறுபடி வளைந்துகொண்டது. பாலு அதிகம் பேசவில்லை. "ஆ. அப்படித்தான். இன்னும் கொஞ்சம். மதி, போதும்."

இறங்கும்போதுதான் அது நடந்தது. தென்னை மரங்களைத் தாண்டி விமானம் கீழே வந்த நேரம், கடலிலிருந்து ஒரு காற்று வந்து மோதியது. தென்னோலைகள் ஒரேயடியாகத் திரும்பின. இடது இறக்கை சட்டென்று மேலே எழும்பியது. ஷெரினின் கட்டைவிரல் ஸ்டிக்கைத் தள்ளப் போனது. பழைய இறக்கையில் எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பிப் பழகிய கை.

"தொடாதே," என்றார் பாலு. குரலை உயர்த்தவில்லை. "விரலை அங்கேயே வை. நீ செஞ்ச சிறகுதானே, அது பாத்துக்கும்."

அவள் விரல் நின்றது. மேலே எழும்பிய இறக்கையின் நுனி தானாக முறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். துணியைப் பிழிவதுபோல ஒரு சிறு முறுக்கல். காற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. விமானம் ஒருமுறை உடம்பைக் குலுக்கிவிட்டு நேராயிற்று. அவள் விரல் நினைத்தபடி தள்ளியிருந்தால், இறக்கையும் திருத்தி, அவளும் திருத்தி, இரண்டு திருத்தமும் சேர்ந்து அதைக் கவிழ்த்திருக்கும்.

சக்கரம் தரையைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது. பாதை முடிந்த பிறகும் ஓடி வரப்பில் மூக்கை இடித்து நின்றது. காற்றாடியின் ஓர் அலகு உடைந்து தெறித்தது. இறக்கைக்குச் சேறு மட்டும்தான்.

ஷெரின் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் கையிலிருந்த மானியைப் பார்த்தேன். அந்தக் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. குறிக்க மறந்திருந்தேன். பாலு நடந்து போய் விமானத்தை வரப்பிலிருந்து இழுத்தார். இரண்டு கைகளாலும்.

மதியம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பிக் கிடங்கின் மாடியில் என் முடிவைச் சொன்னேன்: இறக்கை சரி. அதைப் பறக்கவிடுகிறவர்கள் கையை விலக்கப் பழக வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பழைய பழக்கம் உள்ளவர்களுக்கு அது கடினம். பயிற்சியை யார் கொடுப்பது என்று ஷெரின் கேட்டாள். நான் பாலுவைப் பார்த்தேன், அவர் சன்னலைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "இனி எனக்குப் பின்னால் நிற்க நேரமிருக்குமா, பாலுவேட்டா?" என்றாள்.

"சாயா வாங்கித் தந்தா நிக்கலாம்," என்றார்.

சாயங்காலம் மழை பிடித்தது. கிடங்குக் கூரையின் ஓடுகளில் அது விழுந்த சத்தத்தில் வேறு பேச்சு நடக்கவில்லை.

நாலாம் நாள் காலை தோப்பும்படியில் எர்ணாகுளம் பேருந்து ஏறினேன். பாலுவும் லதாவும் கூடவே ஏறினார்கள், டாக்டரிடம் போக. பேருந்தில் கூட்டம் அதிகம். லதாவுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. நானும் பாலுவும் நடுவில் நின்றோம். மழையில் சன்னல் திரைகளை எல்லாம் இறக்கியிருந்தார்கள். உள்ளே இருட்டு, ஈரக் குடை வாசனை.

"உங்களுக்கு என்மேல கோபம் இருக்கும்," என்றேன்.

"மேடம்மேல ஒண்ணுமில்லை. சிறகுமேலதான் இருந்தது." பிறகு சொன்னார்: "ஒரு கொல்லமா லதா பாக்காத மாதிரி இருந்தா. ஷெரின் பாக்காத மாதிரி இருந்தா. நானும் அப்படித்தான். சிறகுக்கு மட்டும் மரியாதை தெரியல்லை."

அவர் சிரித்தார். நானும்.

டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகு ஷெரின் போன் செய்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் பயந்த நோய் இல்லை. மாத்திரையில் பெருமளவு அடங்கும், முழுதாகப் போகாது. அவர் இப்போது பறக்கவிடுவதில்லை, பறக்கவிடுகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். அந்தக் காலையில் இதெல்லாம் எங்கள் மூவருக்கும் தெரியாது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. மழை தூறலாகியிருந்தது. மருத்துவமனை சாலைக்கு எதிர்ப்பக்கம். திரையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். வண்டிகள் இடைவெளி விடாமல் வந்துகொண்டிருந்தன. லதா வலது பக்கம் குடையோடு நின்றார். பாலு அந்தக் குடையின் கம்பை வலது கையில் வாங்கிக்கொண்டார். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, சாலையில் இறங்கினார். பேருந்திலிருந்தே தெரியும் அளவுக்குக் கை நடுங்கியது. ஒரு லாரி நின்றது, அதன் பின்னால் ஒரு கார் நின்றது. இருவரும் அவசரப்படாமல் கடந்து போனார்கள்.